ஒற்றைத் தட்டுத் தராசு

கடைத் தெருவிலே ஒருவர் தராசு பிடித்து நிற்கிறார். அந்தத் தராசுக்கு ஒரே தட்டு! அதிலே தமது பண்டத்தை வைக்கிறார், தட்டு தாழ்கிறது. "பார்த்தீர்களா, எத்துணைக் கனம்!" என்று பெருமிதப்படுகிறார். "மறு தட்டு எங்கே ஐயா?" என்று கேட்கிறோம். "அதிலே வைக்க வேண்டியதை நிறுத்துச் சொல்ல இயலாது, ஆகவே தட்டையே கழற்றி வைத்துவிட்டோம்" என்கிறார்.

கேட்டவர் சிரிப்பர், சிரித்துவிட்டு அடுத்த கடைக்குச் செல்வர். ஆனால், தராசு பிடித்து நிற்பவர் வணிகர் அல்ல, ஓர் அரசாங்கம் என்றால்? நிறுக்கப்படுவது புளியும் மிளகாயும் அல்ல, மக்கள் அனைவருக்கும் பொதுவான காடு என்றால்? அடுத்த கடைக்குச் செல்வது எங்ஙனம்?

இது கற்பனை அன்று. செல்வத்திலும் விஞ்ஞானத்திலும் சிறந்த நாடு என்று புகழப்படும் அமெரிக்காவிலே, அச்சிட்டு, அட்டை போட்டு, முத்திரை குத்தி வெளியிட்ட அறிக்கைகளிலே இந்த ஒற்றைத் தட்டுத் தராசு காட்சி தந்தது. அந்த அறிக்கைகளைத்தான் இங்கே திறனாய்வு செய்ய எடுத்துக்கொள்கிறோம். காவியத்தையும் நாவலையும் விட்டுவிட்டுச் சர்க்கார் அறிக்கையையா திறனாய்வது என்று சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும்! அறிக்கையும் சொல்லால் ஆனதே. காவியத்திலே ஒரு சொல் பிழைத்தால் ஓசை கெடும்; அறிக்கையிலே ஒரு சொல் பிழைத்தால் ஒரு மலையின் உருவமே கெடும். ஆகவே சொல் சொல்லாக எடுத்து ஆராய வேண்டிய ஏடு எது என்பதில் நமக்கு ஐயமில்லை.

முதலில் இடத்தைக் காண்போம்.

கொலராடோ மாநிலத்தின் மேற்குப் புறத்திலே, ராக்கி மலைத்தொடரைச் சேர்ந்த பகுதியிலே அமைந்தது கன்னிசன் தேசியக் காடு. அக்காட்டின் ஒரு பகுதிக்குச் சன்செட் சாலையில்லாப் பகுதி என்று பெயர். ஆஸ்பென் மரங்கள் அணிவகுத்து நிற்கும் இடம். எல்க் மானும் கருங்கரடியும் உலவும் இடம். மேலே காடு, கீழே நிலக்கரி. சோமர்செட் என்ற சிற்றூரை அடுத்து வெஸ்ட் எல்க் என்னும் நிலத்தடிச் சுரங்கம் நடந்துவந்தது. அதனை நடத்திய ஆர்ச் கோல் குழுமத்தின் துணை நிறுவனம், சுரங்கத்தைக் காட்டின் அடியிலே மேலும் நீட்டுவதற்காக, ஏறத்தாழ 1,720 ஏக்கர் அளவுக்குக் குத்தகையைப் பெருக்கித் தரும்படி கேட்டது.

தருவதா, மறுப்பதா? முடிவு செய்ய வேண்டிய துறைகள் இரண்டு. நிலத்தின் மேற்பரப்புக்குப் பொறுப்புக் காட்டுத்துறை. அடியிலே கிடக்கும் கனிமத்துக்குப் பொறுப்பு நில நிருவாகப் பணியகம். காட்டுத்துறை இசைவு தராவிடில் பணியகம் குத்தகை தர இயலாது. அத்துடன், 1970 ஜனவரி முதல் நாள் கையொப்பமான தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம் ஒரு கடமையை விதித்திருக்கிறது. பெருஞ்செயல் எதிலும் இறங்கும் முன், அதனால் வரும் விளைவு என்ன, அதற்கு மாற்று வழி என்ன என்பதை ஆராய்ந்து மக்கள் முன் வைக்க வேண்டும். காட்டைக் காப்பாற்றியே தீர வேண்டும் என்று அந்தச் சட்டம் கூறவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு முடிவு செய் என்று மட்டுமே கூறுகிறது. எவ்வளவு எளிய கட்டளை! அந்த எளிய கட்டளையைத்தான் 2012-ஆம் ஆண்டின் அறிக்கைகள் மீறின. சாலையில்லாப் பகுதிக்கான விதியைப் பற்றிய அறிக்கை ஒன்று; இக்குத்தகையைப் பற்றிய அறிக்கை மற்றொன்று. இரண்டிலும் விளையாடிய சொற்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதற்சொல், "திருத்தம்".

புதிய குத்தகை என்று கூறவில்லை. இருக்கும் குத்தகையில் செய்யும் திருத்தம் என்றார்கள். எழுத்துப்பிழையைத் திருத்துவது போன்ற எளிமை தொனிக்கும் சொல்! பொதுநிலத்து நிலக்கரியைக் குத்தகைக்கு விடுவதானால், 1976-ல் திருத்தப்பட்ட சட்டப்படி போட்டி ஏலம் நடத்த வேண்டும். ஆனால் பழைய குத்தகையை ஒட்டிய நிலத்தைத் "திருத்தம்" என்ற பெயரிலே சேர்த்துக்கொண்டால் ஏலம் தேவையில்லை. அப்படிச் சேர்க்கக்கூடிய நிலத்தின் உச்ச அளவு முன்பு 160 ஏக்கர். 2005-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம் அதனை 960 ஏக்கர் ஆக்கிற்று. வெஸ்ட் எல்க் கேட்ட நிலமோ ஏறத்தாழ 1,720 ஏக்கர். எப்படிப் பொருந்தும் என்கிறீர்களா? இரண்டு குத்தகைகள் இருந்தன. ஒன்றுக்கு ஏறத்தாழ 800 ஏக்கர், மற்றொன்றுக்கு ஏறத்தாழ 920 ஏக்கர். இரண்டும் வரம்புக்குள் அடங்கிவிட்டன!

சட்டமீறல் என்று நாம் கூறவில்லை. போட்டிக்கு வேறு ஆள் இல்லாதபோது இதற்குச் சட்டமே இடம் தருகிறது. சந்தை மதிப்பைக் கணித்துப் பெற வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. ஆனால் வாங்குபவர் ஒருவரே என்னும் இடத்திலே சந்தை எது, மதிப்பு எது? ஊர்ப் பொதுச் சொத்தை ஒருவருக்கே விலை பேசும்போது, ஊரார் மற்ற நாளினும் இருமடங்கு விழிப்புடன் இருக்க வேண்டாமா? "திருத்தம்" என்ற சொல்லோ விழித்திருப்பவரையும் உறங்கச் செய்கிறது.

இரண்டாவது சொல், "நிலத்தடி".

இந்தச் சொல்லிலேதான் பொதுமக்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். நிலத்தடிச் சுரங்கம் என்றவுடனே மேலே மரம் அசையாது, மான் மிரளாது, கீழே எங்கோ கரி வெட்டுகிறார்கள் என்ற எண்ணம் எழுகிறது. மலையின் தலையையே சீவி எடுக்கும் திறந்த சுரங்கத்தோடு ஒப்பிட்டால் கேடு குறைவுதான், அதை மறைக்கமாட்டோம். ஆனால் குறைவு என்பது வேறு, இல்லை என்பது வேறு.

அங்கே கையாளப்பட்டது நீள்சுவர் முறை. கரிப்படுகையின் நீண்ட முகப்பை எந்திரம் சீவிக்கொண்டே செல்லும். அந்த எந்திரத்துக்கும் தொழிலாளருக்கும் மேலே எஃகுத் தாங்கிகள் கூரையைத் தாங்கி நிற்கும். முகப்பு முன்னேற முன்னேறத் தாங்கிகளும் முன்னேறும். பின்னே விட்ட இடத்தில் கூரை இடிந்து விழும். அது விபத்து அன்று, முறையே அதுதான். கீழே கூரை விழுந்தால் மேலே நிலம் தாழும். நிலம் தாழ்ந்தால் வெடிப்பு விடும். ஊற்றும் ஓடையும் வழி மாறக்கூடும்.

அத்தோடு முடிந்ததா? கரிப்படுகையிலே மீத்தேன் என்னும் வாயு அடைபட்டுக் கிடக்கிறது. காற்றிலே அது 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்துவிட்டால் ஒரு பொறி போதும், சுரங்கமே வெடிக்கும். அதே கொலராடோவில், ரெட்ஸ்டோன் என்ற ஊருக்கு அருகில் இருந்த டச் கிரீக் சுரங்கத்திலே 1981 ஏப்ரல் 15-ஆம் நாள் மீத்தேன் வெடித்து 15 தொழிலாளர் மாண்டனர். ஆகவே வாயுவை வெளியேற்றியே ஆக வேண்டும். தொழிலாளியின் உயிர் அதிலே இருக்கிறது. வெளியேற்ற வழி? காட்டின் மேற்பரப்பிலிருந்து வரிசை வரிசையாகத் துளைக்கிணறுகள் இறக்க வேண்டும். கிணறு தோண்டும் எந்திரம் பறந்து வராது, சாலை வேண்டும். கிணறு ஒவ்வொன்றுக்கும் மரம் வெட்டிச் சமன் செய்த திடல் வேண்டும். சாலையில்லாப் பகுதி என்று பெயர் பெற்ற காட்டிலே சாலை!

இந்தச் சாலைக்காகவே ஒரு விதிவிலக்கு வகுத்தார்கள். கொலராடோவில் ஏறத்தாழ 42 இலட்சம் ஏக்கர் காட்டுக்குள் சாலை போடுவதைக் கட்டுப்படுத்தி 2012-ல் விதி செய்தார்கள். அதே விதியில், 19,000 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட நிலத்தைத் தனியே பிரித்து, நிலக்கரிக்காக அங்கே "தற்காலிகச் சாலை" போடலாம் என்றும் எழுதினார்கள். தற்காலிகம் யாருக்கு? எந்திரத்துக்குத் தற்காலிகம். வெட்டப்பட்ட மரத்துக்கும் கலைந்துபோன விலங்குக்கும் அது தற்காலிகமா? "நிலத்தடி" என்ற சொல் அட்டையிலே பெரிய எழுத்தில். சாலையும் கிணறும் திடலும் உள்ளே சிறிய எழுத்தில்!

மூன்றாவது சொல்தான் நாம் தொடக்கத்தில் கூறிய தராசு. "அளவிட இயலாது" என்பது அந்தச் சொல்.

குத்தகையால் வரும் நன்மைகளை அறிக்கை எண்ணிற்று. கிடைக்கும் உரிமைத்தொகை, தொழிலாளர் பெறும் கூலி, உள்ளூரிலே புரளும் பணம் எல்லாம் டாலர் கணக்கில் தரப்பட்டன. அளவிட்டதில் தவறில்லை. ஆனால், கரி எரிந்து காற்றிலே கலக்கும் கரியமிலவாயுவாலும், சுரங்கம் கக்கும் மீத்தேனாலும் உலகுக்கு விளையும் நட்டம் எவ்வளவு என்று கேட்டால், அதை மட்டும் அளவிட இயலாது என்றார்கள்!

உண்மையிலேயே இயலாதா? அரசாங்கமே பல துறை அறிஞர்களைக் கூட்டி, ஒரு டன் கரியமிலவாயுவால் சமுதாயத்துக்கு ஏற்படும் செலவு எவ்வளவு என்று கணிக்கும் முறையை 2010-ல் வகுத்திருந்தது. அதைவிட வியப்பு, இதே குத்தகைக்கான வரைவு அறிக்கையிலே அந்தக் கணக்கு இடம்பெற்றிருந்தது! இறுதி அறிக்கையிலே காணோம். இயலாதது என்றால் முன்பு இயன்றது எப்படி? வரைவில் இருந்த மறு தட்டை, வாசலுக்கு வரும்போது கழற்றிவிட்டார்கள்.

சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2014 ஜூன் 27-ஆம் நாள் கொலராடோ கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் நீதிபதி புரூக் ஜாக்சன் தீர்ப்பளித்தார். நன்மையை எண்ணிட்டுக் காட்டிவிட்டுத் தீமையை எண்ண மறுப்பது, தீமையின் மதிப்பு சுழியம் என்று எழுதுவதற்கே ஒப்பாகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். செலவை எவ்வளவு என்று துல்லியமாகச் சொல்ல முடியாமல் இருக்கலாம். ஆனால் சுழியம் அன்று என்பது உறுதி அல்லவா!

நாமே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இத்தகைய நல்ல கரி ஒரு டன் எரிந்தால் இரண்டு டன்னுக்கு மேல் கரியமிலவாயு வெளிவரும். ஒரு டன் வாயுவின் சமுதாயச் செலவு 51 டாலர் என்று அமெரிக்க அரசு 2021-ல் இடைக்கால மதிப்பு வைத்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023-ல் தந்த மதிப்போ 190 டாலர். குறைந்ததையே எடுத்துக்கொள்வோம். ஒரு டன் கரிக்கு 102 டாலர். நிலத்தடிக் கரிக்கு அன்று விதித்த உரிமைத்தொகை விலையிலே 8 விழுக்காடு. கரி டன் 40 டாலர் என்று கொண்டால் பொதுமக்களின் கருவூலத்துக்கு 3 டாலர் 20 சென்ட். அதிலும் ஏறத்தாழப் பாதி மாநிலத்துக்கு. கரியால் மின்சாரம் கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது, அதையும் நன்மைத் தட்டிலே வையுங்கள். இந்தக் கரி இல்லாவிடில் வேறு கரி ஓரளவு எரியுமே என்பீர்கள். சரி, செலவிலே பாதியைக் கழித்துவிடுங்கள்; அப்போதும் 51 டாலர் நிற்கிறது. நம் கணக்கே இறுதிக் கணக்கு என்று நாம் வாதாடவில்லை. கணக்கே போடாதே என்று சொன்னவர்களின் செயல் எத்தன்மையது என்பதற்கே இதைக் காட்டினோம்.

நான்காவது சொல்லுக்கு வருவோம். பகுத்தறிவு பேசும் இளைஞர் அனைவரும் கூர்ந்து கவனிக்க வேண்டிய சொல் இது. "எப்படியும்!"

இங்கே கரி எடுக்காவிட்டால் வேறெங்கோ அதே அளவு கரி எடுப்பார்கள், எப்படியும் எரியப்போகிறது, ஆகவே இந்தக் குத்தகையால் உலகின் வெப்பம் கூடப்போவதில்லை. இதுதான் சாலை விதிக்கான அறிக்கையின் வாதம்.

கேட்ட குரலாகத் தோன்றவில்லையா? நடப்பது நடந்தே தீரும், உன்னால் ஆவது ஒன்றுமில்லை என்று திண்ணையிலே அமர்ந்து ஓதிய விதிவாதமேதான் இது! நெற்றியிலே எழுதிய எழுத்து என்றார்கள் அன்று. புள்ளிவிவரத்திலே எழுதிய எழுத்து என்கிறார்கள் இன்று. காவி களைந்து கால்சட்டை அணிந்திருக்கிறது. உள்ளே இருப்பது அதே விதி. "நான் ஊற்றாவிட்டால் அடுத்த தெருக் கடைக்காரன் ஊற்றத்தானே போகிறான்" என்று கள்ளுக்கடைக்காரரும் கூறுவார். அவர் கூற்றை ஏற்றுக்கொண்டோமா?

அறிவு என்ன கூறுகிறது? பண்டம் சந்தையிலே மிகுந்தால் விலை குறையும். விலை குறைந்தால் வாங்குவோர் மிகுவர். பொருளாதாரத்தின் அரிச்சுவடி இது. கரி மலிந்தால் மின்நிலையங்கள் கரியையே நாடும். கரி அருகினால் எரிவாயு, காற்று, ஞாயிற்றொளி என்று வேறு வழி தேடும். நீதிபதி ஜாக்சனும் இந்த "எப்படியும்" வாதத்தை ஏற்கவில்லை. வயோமிங் மாநிலத்தில் ஏறத்தாழ 200 கோடி டன் கரிக்கான நான்கு குத்தகைகளைப் பற்றிய வழக்கிலே பத்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017 செப்டம்பரில் இத்தகைய வாதம் அறிவுக்கு ஒவ்வாதது என்று தள்ளிற்று.

மற்றொரு வேடிக்கையும் உண்டு. அதே அளவு கரியை எப்படியும் வேறெங்கோ வெட்டுவார்கள் என்றால், அதே வேலையும், அதே கூலியும், அதே வருவாயும் வேறெங்கோ எப்படியும் கிடைக்கத்தானே வேண்டும்? நாட்டின் மொத்தக் கணக்கிலே அப்போது நன்மையும் சுழியம் ஆகவேண்டும் அல்லவா? ஆகவில்லையே! நன்மை என்றால் "எங்களால் வந்தது" என்று எழுதுகிறார்கள். தீமை என்றால் "எப்படியும் வந்திருக்கும்" என்று எழுதுகிறார்கள். மழை பெய்தால் எங்கள் ஆட்சியின் மகிமை, வெள்ளம் வந்தால் இயற்கையின் சீற்றம் என்று கூறும் வாய்க்கும் இதற்கும் வேற்றுமை என்ன?

இனி, எதிர்த்தரப்பின் வலிவான வாதத்தையும் மறைக்காமல் எடுத்துரைப்பது திறனாய்வோனின் கடமை. தேசியக் காடு என்பது தொட்டுப் பார்க்கக்கூடாத காட்சிப்பொருள் அன்று. மரம், மேய்ச்சல், நீர், விலங்கு, உலா எனப் பல பயனுக்கும் உரியது என்று 1960-ல் அவர்கள் சட்டமே செய்திருக்கிறார்கள். அதைவிட வலிவானது தொழிலாளியின் வாதம். அந்தப் பள்ளத்தாக்கிலே மூன்று சுரங்கங்கள் இருந்தன. எல்க் கிரீக் சுரங்கம் 2013-ல் உள்ளே மூண்ட நெருப்புக்குப் பின் ஓய்ந்தது. பயோனியாவை அடுத்த பவ்வி சுரங்கம் 2016-ல் நின்றது. எஞ்சியது வெஸ்ட் எல்க் ஒன்றே. தந்தையும் மகனும் சுரங்கத்தில் இறங்கிப் பிழைத்த குடும்பத்தாரிடம் சென்று, வளிமண்டலத்தின் கணக்கை மட்டும் கூறினால் அவர்கள் என்ன கேட்பார்கள்? "எங்கள் அடுப்பின் கணக்கு எங்கே?" என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்!

ஆனால் தோழர்களே, அந்த அடுப்பின் மீது உண்மையான அக்கறை உள்ள அறிக்கை எதைச் செய்திருக்கும்? சுரங்கம் மூடும் நாளுக்கு முன்னதாகவே மாற்றுத் தொழிலுக்கு வழி வகுத்திருக்கும். மேலும் சில ஆண்டு வேலை என்று காட்டி, அதற்குப் பின் என்ன என்ற வினாவை அப்படியே விட்டுவிடுவது அக்கறையா? தொழிலாளியைத் தன் குத்தகைக்குக் கேடயமாக நிறுத்துவது ஒன்று. தொழிலாளிக்கே கேடயமாக நிற்பது மற்றொன்று.

வாயுவை வீணாக்காமல் பயன்படுத்த வழி இல்லையா என்றால், அதற்கு விடை அதே பள்ளத்தாக்கிலேயே இருந்தது. எல்க் கிரீக் சுரங்கத்தின் மீத்தேனைப் பிடித்து 3 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2012-ல் அமைந்தது. குத்தகைக்கான அறிக்கை வெளிவந்த அதே ஆண்டு! 20 ஆண்டுக் கணக்கிலே கரியமிலவாயுவைப்போல 80 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு மீத்தேன். ஒரு சுரங்கம் அதை விளக்காக்கிற்று. அண்டைச் சுரங்கம் அன்று அதை வானிலே விட்டது. இயலாமை எங்கே இருக்கிறது? வாயுவிலா, மனத்திலா?

தீர்ப்புக்குப் பின் நடந்தவற்றையும் கூறிவிடுவோம். இல்லையேல் நாமும் ஒற்றைத் தட்டுக்காரர் ஆகிவிடுவோம். 2014 செப்டம்பரில் சாலை விதிவிலக்கும் குத்தகைத் திருத்தமும் நீக்கப்பட்டன. காட்டுத்துறை மீண்டும் ஆராய்ந்தது; இம்முறை மறு தட்டையும் மாட்டிற்று; வாயுவின் செலவைக் கணக்கிட்டது. கணக்கிட்ட பின், 2016 டிசம்பரில், 17 கோடியே 20 இலட்சம் டன் கரிக்கு வழி திறக்கும் அதே விதிவிலக்கை மீண்டும் கொண்டுவந்தது! 2017 டிசம்பரில் குத்தகைக்கும் மீண்டும் இசைந்தது.

"பார்த்தீர்களா, கணக்குப் போட்டும் பயன் என்ன?" என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. கணக்கு முடிவைத் தந்துவிடாது; முடிவு செய்தவர் யார் என்பதைக் காட்டிவிடும். முன்பு, தீமை இல்லை என்று கூறி முடிவு செய்தார்கள். பின்பு, தீமை உண்டு என்று ஒப்புக்கொண்டு முடிவு செய்தார்கள். முன்னதில் மக்கள் ஏமாற்றப்பட்டனர். பின்னதில் மக்கள் எதிர்த்து நிற்க இடம் கிடைத்தது. நின்றார்கள்! 19,000 ஏக்கருக்கு மேற்பட்ட அந்த நிலத்தில் பைலட் நாப் என்னும் ஏறத்தாழ 5,000 ஏக்கர்ப் பகுதியையாவது விட்டுவிடுங்கள் என்ற மாற்று யோசனையை ஏன் ஆராயவில்லை என்று வழக்காடினர். ஆராயாமல் தள்ளியது தவறு என்று பத்தாம் வட்ட நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. மீத்தேனை எரித்துவிடும் மாற்றை இப்போதே ஆராய வேண்டும் என்ற அவர்களின் மற்றொரு வாதத்தை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் கூறவேண்டும். விதிவிலக்கு 2020 ஜூனில் மறுபடியும் நீக்கப்பட்டது. அந்த நாட்களிலேயே சன்செட் பகுதிக்குள் ஏறத்தாழ ஒரு மைல் சாலை வெட்டப்பட்டு, அதன் மீது தனி வழக்கு எழுந்தது. தீர்ப்பைத் திருத்தி எழுதலாம். வெட்டிய சாலையைத் திருத்தி எழுத முடியுமா?

அண்மை நிலை என்ன? 2025 ஜனவரி 20-ஆம் நாள், சமுதாயச் செலவைக் கணித்து வந்த அறிஞர் குழுவையே அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் ஆணை கலைத்தது. அவ்வாண்டு மே 29-ஆம் நாள், யூட்டா மாநிலத்து ரயில்பாதை ஒன்றைப் பற்றிய வழக்கில், இத்தகைய அறிக்கைகளை ஆராயும்போது நீதிமன்றங்கள் துறைகளின் முடிவுக்குப் பெரிதும் மதிப்பளிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் கூறிற்று. தனியே நடக்கும் பிற திட்டங்களின் விளைவை ஆராய வேண்டிய கடமை துறைகளுக்கு இல்லை என்றும் கூறிற்று. அவ்வாண்டு ஜூலையில் இயற்றிய சட்டமோ, பொதுநிலத்து நிலக்கரிக்கான உரிமைத்தொகை 2034 செப்டம்பர் முடிய 7 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றது. மேலும் 40 இலட்சம் ஏக்கரைக் கரிக் குத்தகைக்குத் திறந்துவிடு என்றது. வரைவிலே இருந்து இறுதியிலே மறைந்த அந்த மறு தட்டை இப்போது சட்டம் போட்டே ஒளிக்கிறார்கள். தட்டு கழன்றுவிட்டால் கேள்வியும் கழன்றுவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

கழன்றுவிடுமா? அது படிப்பவரைப் பொறுத்தது. சன்செட் காட்டின் கதையை நாம் இவ்வளவு விரித்து உரைத்தது, அந்நாட்டைப் பழிக்கவும் அன்று. அங்கே எல்லாரும் தீயர் என்று கூறவும் அன்று. அறிக்கையை எழுதியதும் அந்த நாடுதான். அதைப் படித்து, பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, வரைவில் இருந்தது இறுதியில் எங்கே போயிற்று என்று கேட்டதும் அந்த நாட்டு மக்கள்தான். படித்தவர் சிலர், கேட்டவர் சிலர், அவர்களால் ஒரு காடு சில ஆண்டுகள் மூச்சு விட்டது.

பொதுக்காட்டைக் கரிக்காகக் குத்தகைக்கு விடவே கூடாது என்று எக்காலத்துக்கும் எவ்விடத்துக்கும் ஒரே விதி எழுதிவைக்க நாம் முற்படவில்லை. ஆனால் இந்தக் குத்தகையைப் பொறுத்தமட்டில் நம் தீர்ப்பு ஐயத்துக்கு இடமற்றது. பொய்த் தராசில் நிறுத்த பண்டத்தை எவரும் ஏற்கத் தேவையில்லை. தந்திருக்கக்கூடாத குத்தகை அது. முடிவு என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? இரு வழியும் திறந்திருக்க, இரண்டையும் எடைபோட்டு, ஒன்றைத் தேர்ந்து, தேர்ந்ததற்குப் பொறுப்பேற்பது. "எப்படியும்" என்று தொடங்கி "இயலாது" என்று முடிவது முடிவு அன்று. பொறுப்பிலிருந்து தப்பி ஓடுவது.

ஆகவே, எந்த நாட்டிலே எந்த அரசு எந்தக் காட்டைப் பற்றி எவ்வளவு தடித்த அறிக்கையை நீட்டினாலும், அன்பர்களே, அட்டையைப் பார்த்து அஞ்சாதீர்கள். உள்ளே புகுந்து, நன்மைக்கு எத்தனை பக்கம், தீமைக்கு எத்தனை வரி என்று எண்ணுங்கள். எண்ணிவிட்டு, மறு தட்டு எங்கே என்று உரத்த குரலிலே கேளுங்கள். அதைக் கொண்டுவந்து மாட்டட்டும்; பிறகு நிறுக்கட்டும்.